பொது இடம் யாருடைய இடம்?

விளையாட்டைப் பற்றி நான் எழுதப் புறப்பட்டிருப்பதைப் பார்த்து வாசகர்கள் சிரிக்கக்கூடும். பள்ளிக்கூட நாட்களில் பந்து என் பக்கம் வந்தால், விலகி நின்று அதற்கு மரியாதையாக வழிவிடுகிற வழக்கம் உடையவன் நான். ஆனால் ஒரு பந்தயத்தில் யார் ஜயித்தார்கள் என்பதை விட்டுவிட்டு, அது எங்கே நடந்தது, ஏன் அங்கே நடந்தது என்று விசாரித்துப் பார்த்தால், சில சமயம் ஒரு நாவலுக்கு உரிய விஷயமே கிடைத்துவிடுகிறது. அப்படி எனக்குக் கிடைத்த கதை இது. அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா என்ற ராஜ்யத்தில் நடந்தது. 34 டாலரில் மூண்ட சண்டை; அதனால் 41 வருஷ மௌனம்; மௌனம் கலைந்த பிறகும் இன்னொரு 41 வருஷம் தீராமல் கிடந்த ஒரு மனக்குறை.

இதை எனக்கு முதலில் சொன்னவர், விவசாய விஞ்ஞானம் படிப்பதற்காக அந்த ராஜ்யத்தில் உள்ள ஆபர்ன் என்ற சிற்றூரில் சில வருஷங்கள் இருந்துவிட்டு வந்த நண்பர் ஒருவர். பூச்சிகளைப் பற்றிப் படிக்கப் போன மனிதர், பந்தாட்டப் பைத்தியத்தோடு திரும்பி வந்தார்.

ஃபுட்பால் என்றவுடன் நாம் காலால் உதைக்கும் பந்தாட்டத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்கர்கள் அந்தப் பெயரில் ஆடுவது வேறு. இரண்டு முனையும் கூம்பிய பந்து. பக்கத்துக்கு 11 பேர். 100 கஜ நீள மைதானம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், எறியலாம். பந்தோடு வருகிறவனைக் கட்டிப் பிடித்துக் கீழே வீழ்த்தலாம். அந்த நாட்டில் சம்பளத்துக்கு ஆடும் பெரிய கோஷ்டிகள் பல உண்டு. அலபாமா ராஜ்யத்தில் மட்டும் அப்படிப்பட்ட பெரிய கோஷ்டி ஒன்றும் இல்லை. ஆகவே ஜனங்களின் அபிமானமெல்லாம் இரண்டு கல்லூரிகளின் மேல் போய் விழுந்துவிட்டது. குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அது எந்தக் கல்லூரிப் பக்கம் என்பது தீர்மானமாகிவிடும் என்று நண்பர் சொன்னார்.

அந்த இரண்டில் மூத்தது அலபாமா சர்வகலாசாலை. 1831-ல் டஸ்கலூஸா என்ற ஊரில் திறக்கப்பட்டது. வக்கீல்களும் வைத்தியர்களும் அரசியல்வாதிகளும் அங்கிருந்து புறப்பட்டு ராஜ்யத்தை ஆண்டார்கள். இளையது ஆபர்ன். மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் 1856-ல் ஏற்படுத்திய கல்லூரி அது. 1872-ல் ராஜ்யத்தின் விவசாய, இயந்திரக் கல்லூரியாக மாறியது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். 'மாட்டுக் கல்லூரி' என்று அலபாமாக்காரர்கள் அதைக் கேலி செய்வார்கள். அண்ணன் தம்பிகளில் ஒருவன் உத்தியோகம் பார்த்து, ஒருவன் கலப்பை பிடித்தால் வீட்டில் என்ன நடக்குமோ, அது இந்த ராஜ்யத்திலும் நடந்தது.

இரண்டு கோஷ்டிகளும் முதலில் மோதியது 1893 பிப்ரவரி 22-ம் தேதி, பர்மிங்ஹாம் நகரில். ஆபர்ன் 32-22 என்று வென்றது. அந்த ஆட்டம் எந்த வருஷக் கணக்கில் சேரும் என்பதில்கூட அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. '1892-ம் வருஷப் பந்தயங்களில் அது கடைசி' என்று அலபாமா எழுதி வைத்தது. '1893-ம் வருஷத்தில் அது முதல்' என்று ஆபர்ன் எழுதி வைத்தது. இப்படிப்பட்ட பங்காளிகள் நெடுநாள் சேர்ந்து ஆடுவார்களா?

1907-ல் ஆடிய ஆட்டம் 6-6 என்று சமமாக முடிந்தது. அடுத்த வருஷ ஆட்டத்துக்கு ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தபோது தகராறு வந்தது. ஒரு தரப்பு, 22 ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு மூன்றரை டாலர் தினப்படி வேண்டும் என்றது. மறுதரப்பு, 20 பேருக்கு ஆளுக்கு 3 டாலர் போதும் என்றது. நடுவரை எங்கிருந்து வரவழைப்பது என்பதிலும் பிணக்கு. இரண்டு நாள் படிக்காசைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் 34 டாலர். அதற்காக ஆட்டம் நின்றது. நின்றது நின்றதுதான். இரண்டு உலக யுத்தங்கள் வந்து போயின. விமானம் வந்தது, ரேடியோ வந்தது. ஒரே ராஜ்யத்தின் இரண்டு கல்லூரிகள் ஒரே மைதானத்தில் இறங்கவில்லை.

34 டாலர்தானா காரணம் என்று கேட்டால், குடும்பங்களில் பாகப்பிரிவினை நடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. பித்தளைச் செம்புக்காகப் பேச்சு நின்றுபோன சகோதரர்கள் செம்புக்காகவா சண்டை போட்டார்கள்?

கடைசியில் 1947-ல் ராஜ்யத்தின் சட்டசபையே தலையிட்டது. இரண்டு கல்லூரிகளும் மறுபடி ஆட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கல்லூரித் தலைவர்கள் இருவரும் கலந்து பேசி இசைந்தார்கள். 1948 டிசம்பர் 4-ம் தேதி காலையில், இரண்டு மாணவர் தலைவர்களும் பர்மிங்ஹாமில் ஒரு பூங்காவில் குழி தோண்டி, ஒரு கைக்கோடரியை அதில் போட்டு மூடினார்கள். அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் சமாதானத்துக்கு அப்படி ஒரு சடங்கு உண்டு. சடங்கு முடிந்து அன்று பிற்பகல் ஆடிய ஆட்டத்தில் அலபாமா 55, ஆபர்ன் பூஜ்யம்! கோடரியை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் புதைத்திருக்கலாம்.

ஆட்டம் நடந்த மைதானத்துக்கு லீஜன் ஃபீல்டு என்று பெயர். 1927-ல் திறந்தது. பர்மிங்ஹாம் நகரம் இரும்பால் பிறந்த நகரம். பக்கத்து மலையில் தாது, பூமிக்கடியில் நிலக்கரி, எங்கு பார்த்தாலும் உலைகள். அதனால்தான் இந்தப் போட்டிக்கு 'இரும்புக் கிண்ணம்' என்ற அர்த்தத்தில் 'ஐயர்ன் பௌல்' என்று பெயர் வந்தது. 1948 முதல் 1988 வரை, ஒரு வருஷம் தவறாமல், 41 ஆட்டங்களும் அங்கேயே நடந்தன. டஸ்கலூஸாவும் இல்லை, ஆபர்னும் இல்லை. இரண்டுக்கும் பொதுவான இடம். டிக்கெட்டுகளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் நான் நண்பரை நிறுத்தினேன். "இதில் என்ன அநியாயம்? பொது இடம்; பாதிப் பாதி டிக்கெட். இதைவிட நியாயமாக யாரால் பங்கு போட முடியும்?" என்று கேட்டேன்.

"ஓய், நீர் கதை எழுதுகிறவர். நீரா இப்படிக் கேட்பது?" என்றார் அவர். "பொது இடம் சரி. யாருடைய பொது இடம்?"

பிறகு அவர் விளக்கினார். டஸ்கலூஸாவிலிருந்து பர்மிங்ஹாம் சுமார் 60 மைல். ஆபர்னிலிருந்து ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு. அது மட்டும் அல்ல. அலபாமாக் கோஷ்டி தன் பெரிய ஆட்டங்களில் பலவற்றை ஒவ்வொரு வருஷமும் லீஜன் ஃபீல்டிலேயே ஆடும். அந்த மைதானத்தின் காற்று எந்தப் பக்கம் வீசும், எந்த மூலையில் புல் வழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆபர்னும் அங்கே சில ஆட்டங்கள் ஆடியது உண்டு. ஆனால் ஒருவனுக்கு அது இரண்டாவது வீடு. மற்றவனுக்கு அது சத்திரம்.

'தன் ஊருக்கு ஆனை, அயலூருக்குப் பூனை' என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். வள்ளுவரும் இடனறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, தண்ணீரில் இருக்கும்வரைதான் முதலைக்குப் பெருமை என்று காட்டியிருக்கிறார். சொந்த மைதானத்தின் பலம் மாயம் அல்ல. கூர்ந்து பார்த்தால் காரணங்கள் தெரிகின்றன. உள்ளூர்க்காரன் ராத்திரி தன் படுக்கையில் தூங்கி எழுந்து வருகிறான். வெளியூர்க்காரன் பஸ்ஸில் வந்து இறங்குகிறான். அமெரிக்க ஆட்டத்தில், பந்தை எடுக்கிற தலைவன் வாயால் கூவித்தான் தன் ஆட்களுக்கு அடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். பல்லாயிரம் தொண்டைகள் ஒரே சமயத்தில் கத்தினால், பத்தடி தூரத்தில் நிற்கிறவனுக்குக்கூட அது காதில் விழாது. உள்ளூர்த் தலைவன் கூவும்போது அதே கூட்டம் கோயிலில் நிற்பது போல் மௌனமாக நிற்கும். நடுவரும் மனிதர்தாம், அத்தனை பேர் முன்னிலையில் விசிலை எடுப்பதற்கு அவருக்கும் ஒரு கணம் அதிகமாகத் தேவைப்படலாம்.

இருந்தாலும் கணக்குப் பார்க்காமல் அழுவது நியாயம் அல்ல என்று நான் கணக்கும் பார்த்தேன். பர்மிங்ஹாமில் நடந்த அந்த 41 ஆட்டங்களில் அலபாமா 26, ஆபர்ன் 15. இதற்கெல்லாம் மைதானம்தான் காரணம் என்று சொல்ல முடியுமா? முடியாது. அதே மைதானத்தில்தான் 1954 முதல் 1958 வரை ஆபர்ன் தொடர்ந்து ஐந்து வருஷம் ஜயித்தது. 1972-ல் 16-0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன், எதிரி உதைத்த பந்தை இரண்டு முறை மறித்துப் பிடித்து 17-16 என்று வென்றதும் அங்கேதான். அலபாமாவின் வெற்றிகளுக்குப் பெரிய காரணம், 1958 முதல் 1982 வரை அதற்குப் பயிற்சியாளராக இருந்த பால் பிரயண்ட் என்ற மனிதர். 'கரடி' என்று செல்லப்பெயர். 1973 முதல் 1981 வரை ஒன்பது வருஷம் ஆபர்ன் அவரிடம் தோற்றுக்கொண்டே இருந்தது. மலையை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் மலைதான்.

அப்படியானால் ஆபர்ன்காரர்களின் மனத்தை அரித்தது எது? வெகு நாள் யோசித்த பிறகு எனக்கு விளங்கியது. தோல்வி அல்ல. 1893-ல் ஆட ஆரம்பித்ததிலிருந்து அலபாமாக் கோஷ்டி ஒருமுறைகூட ஆபர்னுக்கு வந்து ஆடியதில்லை! பழைய நாட்களில் பர்மிங்ஹாமில் ஆடினார்கள், மாண்ட்கமரியில் ஆடினார்கள். 1895-லும் 1901-லும் ஆபர்ன் டஸ்கலூஸாவுக்கே போய் ஆடிவிட்டு வந்தது. பதில் விருந்துக்கு மட்டும் ஆள் வரவில்லை. 'உங்கள் ஊர் சின்ன ஊர். எங்களை எங்கே உட்கார வைப்பீர்கள்?' என்பதே பதில். கல்யாணத்துக்கு அழைத்தால், 'உங்கள் வீட்டில் இடம் போதாதே, சத்திரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறேன்' என்று சொல்லும் பணக்கார உறவினரின் பேச்சு. அதில் பொய் இல்லை. ஆனால் அது எப்படிச் சுடும்!

ஆபர்ன் தன் வீட்டைப் பெரிதாக்கத் தொடங்கியது. 1939-ல் அந்த மைதானம் திறந்தபோது ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான் உட்காரலாம். 1970-ல் 61,000 பேர். 1987-ல் 85,000 பேர். மற்றப் பெரிய கல்லூரிகள் ஒவ்வொன்றாக ஆபர்னுக்கு வந்து ஆட ஒப்புக்கொண்டன. 1970-ல் ஜார்ஜியா டெக், 1974-ல் டென்னஸி. அலபாமா மட்டும் அசையவில்லை. 1951 முதல் 1975 வரை ஆபர்னின் பயிற்சியாளராக இருந்த ஷக் ஜோர்டன் என்பவரின் பெயரை 1973-ல், அவர் வேலையில் இருக்கும்போதே, அந்த மைதானத்துக்குச் சூட்டினார்கள். தம் பெயர் தாங்கிய மைதானத்தில் அலபாமா வந்து இறங்குவதைக் காண அவர் கொடுத்துவைக்கவில்லை. 1980-ல் காலமானார்.

1981-ல் பாட் டை என்பவர் ஆபர்னுக்குப் பயிற்சியாளராக வந்தார். கதையில் திருப்பம் வேண்டுமென்று நானே இட்டுக்கட்டியதாக நினைத்துவிடாதீர்கள்: இவர் பிரயண்டிடமே பல வருஷம் உதவியாளராக இருந்த சிஷ்யர். பிரயண்டின் வீட்டுக்குள் இருந்து பார்த்தவர் ஆதலால், அலபாமாவுக்கு எது பலம் என்பதை அறிந்தவர். பதவிக்கு வந்த புதிதிலேயே குரு தம்மிடம் இந்தப் பேச்சை எடுத்ததாக டை பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆட்டத்தை ஆபர்னுக்குக் கொண்டு போகப் பார்ப்பாய், நான் இருக்கும்வரை அது நடக்காது, 1988 வரை ஒப்பந்தம் இருக்கிறது என்றாராம் குரு. அப்படியானால் 1989-ல் ஆபர்னில் ஆடுவோம் என்றாராம் சிஷ்யர்.

அந்த வருஷமே பர்மிங்ஹாமில் சிஷ்யரைத் தோற்கடித்துத்தான் பிரயண்ட் தம்முடைய 315-வது வெற்றியை அடைந்து, பழைய சாதனையை முறியடித்தார். மறு வருஷம் போ ஜாக்ஸன் என்ற இளைஞன் ஆட்கள் குவிந்து நின்ற சுவரைத் தாண்டிக் குதித்து, ஆபர்னுக்கு 23-22 என்று வெற்றி தேடித் தந்தான். ஒன்பது வருஷத் தரித்திரம் அன்று தீர்ந்தது. சில வாரங்களில், 1983 ஜனவரியில், பிரயண்ட் காலமானார்.

போ ஜாக்ஸனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. அவன் பர்மிங்ஹாமை அடுத்த பெஸ்ஸமர் என்ற இரும்பாலை ஊரில் பிறந்த நீக்ரோவல்லாத வேறு யாரும் அல்ல என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் சுற்றி வளைத்து எழுதியிருக்கும். நான் நேராகச் சொல்கிறேன், அவன் கறுப்பின இளைஞன். இரண்டு கல்லூரிகளும் தங்களுக்குள் எது பொது இடம் என்று வழக்காடிக்கொண்டிருந்த வருஷங்களில், கறுப்பு மாணவனுக்கு இரண்டின் வாசலும் அடைத்துக் கிடந்தது. 1963-ல் அலபாமா சர்வகலாசாலையின் வாசலில் கவர்னர் ஜார்ஜ் வாலஸே போய் வழிமறித்து நின்றார். ஆபர்ன் தன் முதல் கறுப்பு மாணவரைச் சேர்த்துக்கொண்டது 1964-ல்தான். ஆபர்னின் பந்தாட்டக் கோஷ்டியில் ஜேம்ஸ் ஓவன்ஸ் சேர்ந்தது 1969-ல். அலபாமாக் கோஷ்டியில் கறுப்பர்கள் ஆடியது 1971-ல். 'எங்கள் வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறார்களே' என்று மனம் நொந்த ஆபர்னும், தன் வீட்டு வாசலில் நின்றவர்களை நெடுநாள் உள்ளே அழைக்கவில்லை. மனக்குறை நியாயமானதாக இருந்தாலும், அது மனிதனைத் தானாக நியாயஸ்தன் ஆக்கிவிடுவதில்லை.

டை பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் உடன்படிக்கை ஏற்பட்டது. 1989-ல் ஆபர்னில் ஆட்டம். 1991-ல் மட்டும் ஆபர்ன் தன் முறையைப் பர்மிங்ஹாமில் ஆட வேண்டும். 1993 முதல் ஆபர்னின் முறை வரும்போதெல்லாம் ஆபர்னிலேயே.

1989 டிசம்பர் 2-ம் தேதி. பெர்லின் சுவர் திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆபர்ன்காரர்கள் அதையே உவமை சொன்னார்கள். மிகைதான், ஆனால் அழுகிறவனிடம் உவமைக்குக் கணக்குக் கேட்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் தங்கள் விடுதியிலிருந்து மைதானத்துக்கு நடந்து வருவது அவ்வூர் வழக்கம். அன்று அந்தச் சாலையின் இருபுறமும் சுமார் 20,000 பேர் நின்றார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தேர் வருகிற வீதி போல் ஆட்டக்காரர்கள் நடக்கவே வழி இல்லை. கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பந்தாட்டம் இன்னும் ஆரம்பமாகவில்லை, கவனியுங்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது அப்போதே கிடைத்துவிட்டது: அலபாமாவின் பஸ் ஊருக்குள் வந்துவிட்டது.

அலபாமா அந்த வருஷம் அதுவரை ஆடிய 10 ஆட்டங்களிலும் ஜயித்து, நாட்டிலேயே இரண்டாவது இடத்தில் இருந்த கோஷ்டி. ஆபர்ன் 30-20 என்று அதை வென்றது. அதற்குப் பின் 1993, 1995, 1997 என்று ஆபர்னில் நடந்த ஆட்டங்களிலும் ஆபர்னே வென்றது. 1999-ல்தான் அலபாமாவால் அங்கே ஜயிக்க முடிந்தது.

இத்துடன் நிறுத்தினால், சொந்த மண்ணின் மகிமை என்று முடித்துவிடலாம். சரித்திரம் அப்படி முடிக்க விடுவதில்லை. அலபாமாவும் 2000-ல் தன் முறையைப் பர்மிங்ஹாமிலிருந்து சொந்த ஊரான டஸ்கலூஸாவுக்கு மாற்றிக்கொண்டது. என்ன ஆயிற்று? 2000, 2002, 2004, 2006 என்று நான்கு முறையும் சொந்த ஜனங்கள் கண்ணெதிரே ஆபர்னிடம் தோற்றது. 1895-லும் 1901-லும் அங்கே தோற்றதைச் சேர்த்தால், தன் ஊரில் ஆபர்னை முதன்முதலாக ஜயிக்க அலபாமாவுக்கு 2008 வரை ஆயிற்று! ஆபர்னிலும் 1989 முதல் 2023 வரை நடந்த 17 ஆட்டங்களில் ஆபர்னுக்கு வெற்றி 10, அலபாமாவுக்கு 7. சொந்த மைதானம் தராசில் ஒரு குன்றிமணி, அவ்வளவுதான். எதிர்த்தட்டில் பலசாலி ஏறி உட்கார்ந்தால் குன்றிமணி என்ன செய்யும்?

ஆனால் அந்தக் குன்றிமணிக்குள் மனிதர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இன்னொரு சம்பவம். ஆபர்னில், கல்லூரி வாசலும் கடைவீதியும் சந்திக்கிற மூலையில் இரண்டு பழைய ஓக் மரங்கள் நின்றன. ஜயித்த நாட்களில் ஊர் ஜனங்கள் அங்கே கூடி, மரக்கிளைகளில் காகிதச் சுருள்களை வீசித் தோரணம் போலத் தொங்கவிடுவார்கள். 2010-ல் 24-0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன், டஸ்கலூஸாவிலேயே 28-27 என்று ஜயித்தது. அதைப் பொறுக்காத அலபாமா ரசிகர் ஒருவர், அந்த மரங்களின் வேரில் நஞ்சை ஊற்றினார். சிறைக்கும் போனார். மரங்கள் பிழைக்கவில்லை. 2013 ஏப்ரலில் வெட்டி எடுத்தார்கள். ஆட்டக்காரனை அவர் தொடவில்லை, பாருங்கள். ஊரின் வாசலில் நின்ற மரத்தைத் தேடிப் போனார். பகைக்குக்கூடத் தெரிகிறது, வீடு எது என்று.

அதே 2013-ம் வருஷம் நவம்பர் 30-ம் தேதி ஆபர்னில் ஆட்டம். 28-28. ஒரே ஒரு விநாடி மிச்சம். அலபாமா 57 கஜ தூரத்திலிருந்து உதைத்த பந்து குறி எட்டாமல் விழ, கிறிஸ் டேவிஸ் என்ற ஆபர்ன் இளைஞன் தன் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் அதைப் பிடித்து, மைதானத்தின் முழு நீளமும் ஓடி முடித்தான். 34-28. ஜனங்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் வெள்ளமாக இறங்கினார்கள். மரங்கள் இல்லாத மூலைக்கும் அன்றிரவு காகிதச் சுருளோடு போனார்கள். 2015-ல் அங்கே புதிய ஓக் மரங்களை நட்டார்கள்.

நண்பர் கதையை முடித்தபோது நான் பழைய கேள்வியையே வேறு விதமாகக் கேட்டேன். "ஆக, சொந்த மைதானம் வெற்றியைத் தருமா, தராதா?"

"சில சமயம் தரும், சில சமயம் தராது. ஆனால் ஒன்று ஓய், தோற்றாலும் விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விடலாம். சத்திரத்தில் ஜயித்தால்கூட அது முடியாது" என்றார்.

41 வருஷம் அந்தச் சிறிய ஊர் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெற்றியை அல்ல. 'ஒருமுறை எங்கள் வாசலுக்கு வாருங்கள்' என்பதை.